பழைய மாருதி 800ஐ இரண்டு லட்சத்துக்குள் மின்காராக மாற்ற முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கையில் 2006ஆம் வருட மாருதி 800 இருக்கிறது. இன்ஜின் புகைக்கிறது, பாடி நன்றாக இருக்கிறது. தினமும் போக வர 40 கிலோமீட்டர். ஈ-ரிக்‌ஷா மோட்டாரையும் பேட்டரியையும் வாங்கி, உள்ளூர் லேத் பட்டறையை வைத்து, இரண்டு லட்சத்துக்குள் இதை மின்காராக்கிவிட முடியுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வண்டி ஓடுமா என்பது ஒன்று. ஓடுகிற வண்டியை ரோட்டில் எடுத்துப் போகலாமா என்பது இன்னொன்று. ஓடும், ஆனால் ஈ-ரிக்‌ஷா மோட்டாரில் ஓடாது, இரண்டு லட்சத்திலும் இழுபறிதான். ரோட்டைப் பொறுத்தவரை, நீங்களே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய வண்டி பொதுச் சாலைக்கு வரச் சட்டத்தில் இடமில்லை. யூடியூபில் எண்பதாயிரத்தில் முடித்துக் காட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதனால் பேப்பரிலிருந்தே தொடங்குகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ன்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றுவதற்கு விதிகளில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி, வகை ஒப்புதல் பெற்ற கிட்டுக்கு மட்டும். ஏ.ஐ.எஸ். 123 என்ற தரத்தின்படி புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்கள் கிட்டைச் சோதித்துச் சான்று தரும். அந்தச் சான்றும் எல்லா வண்டிக்கும் பொதுவானதல்ல, குறிப்பிட்ட வண்டி வகைக்குத்தான். கிட் தயாரித்தவர் அங்கீகரித்த இடத்தில் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் மின்சாரம் என்று பதிவு செய்து, பச்சை நம்பர் பிளேட் மாட்டினால் முடிந்தது. நான்கு சக்கர வண்டிக்கான இப்படிப்பட்ட கிட், பொருத்தும் கூலியோடு சாதாரணமாக நான்கு லட்சத்துக்கு மேல் போகிறது. புகைக்கிற இன்ஜினோடு இன்றைக்கு ஐம்பதாயிரம் தேறுமா என்று யோசிக்க வேண்டிய காரில் அவ்வளவு பணத்தைப் போடுவது கணக்குக்கு ஒத்துவராது.

இதில் ஆண்டுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. சொந்த உபயோகக் காரின் முதல் பதிவு 15 வருடம், பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பு. 2006 வண்டிக்கு 2021ல் முதல் கெடு முடிந்திருக்கும். அப்போது புதுப்பித்திருந்தால் அதுவும் 2026ல் முடிகிறது. மின்காராக மாற்றினாலும் அடித்தளத் துருவையும் பிரேக்கையும் பார்த்துத்தான் எஃப்.சி. தருவார்கள். ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் ஆர்.சி. கெடுவைப் பாருங்கள். பிறகு வண்டியை ராம்ப்பில் ஏற்றி, முன்பக்க சஸ்பென்ஷன் தாங்கிகள், தரைத் தகட்டின் ஓரங்கள், பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள மடிப்புகள் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டி மாற்றத்துக்கு லாயக்கில்லை. "பாடி நன்றாக இருக்கிறது" என்பது பெரும்பாலும் மேலே அடித்த பெயின்ட்டைப் பார்த்துச் சொல்வது. படத்தைப் பார்த்து இதை யாரும் உறுதி செய்ய முடியாது, நானும்தான்.

இன்சூரன்ஸைப் பற்றியும் மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றும் உள்ளே மோட்டார் என்றும் இருந்தால், விபத்து நடக்கும் நாளில் பாலிசி கைவிடுவதற்கு அதுவே போதுமான காரணம். உங்கள் காருக்கு ஆகும் சேதத்தை விடுங்கள். எதிரே வந்தவருக்கு ஆகும் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். ஆகவே கீழே நான் எழுதுவதெல்லாம் தோட்டம், தொழிற்சாலை வளாகம், கல்லூரிப் பணிமனை மாதிரியான தனியார் இடத்தில் ஓடப்போகும் வண்டிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் பெற்ற கிட்டை விலை பேசப் போகிறவருக்கும் இந்தக் கணக்குகள் உதவும். எதிரில் இருப்பவர் சொல்லும் கிலோமீட்டர் நிஜமா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம்.

மாருதி 800 இதற்கு நல்ல தேர்வு என்பதில் சந்தேகமில்லை. காலி வண்டி 650 கிலோ சொச்சம்தான். இருவரும் பேட்டரியும் ஏறினால் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் டயர் உராய்வுக்குச் சுமார் 115 நியூட்டன், காற்றைக் கிழிக்க இன்னொரு 115 நியூட்டன். சக்கரத்தில் வேண்டிய திறன் 3.8 கிலோவாட். மோட்டார், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், கியர்பாக்ஸ் இவற்றின் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 4.8 கிலோவாட் எடுக்கும். அதாவது கிலோமீட்டருக்கு 80 வாட்-மணி. நின்று நின்று போகும் ஊர் ஓட்டத்தில் 100 என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. இனி ஈ-ரிக்‌ஷா மோட்டாரைப் பாருங்கள். வழக்கமாகக் கிடைப்பது ஒன்று முதல் ஒன்றரை கிலோவாட். அந்த வண்டியே மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதை 800ல் பூட்டினால் வண்டி நகரும். மேம்பாலம் ஏறும்போது சுருள் சூடாகி, மோட்டார் சுற்றும் நிலையைக் காட்டும் ஹால் சென்சார் போய், பாதியில் நின்றுவிடும். எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 30 கி.மீ. போகவே சக்கரத்தில் ஏழு கிலோவாட் வேண்டும். எனவே தொடர்ந்து 8 முதல் 10 கிலோவாட், சில விநாடிகளுக்கு 20 கிலோவாட் தரும் மோட்டார்தான் குறைந்தபட்சம்.

இந்த அளவில் மோட்டார் கிடைக்கும் இடங்கள் சில. சரக்கு ஈ-ஆட்டோவின் பெரிய மோட்டார்கள் ஒன்று. இன்னொன்று, கழித்துக்கட்டிய முதல் தலைமுறை மின்கார்கள். அரசு அலுவலகங்களுக்காக இ.இ.எஸ்.எல். என்ற அரசு நிறுவனம் 2017ல் பத்தாயிரம் மின்கார்களுக்கு டெண்டர் விட்டபோது வந்த டாடாவின் டிகோரும் மகிந்திராவின் இ-வெரிட்டோவும் 72 வோல்ட் அமைப்பில் ஓடியவை. இண்டக்‌ஷன் மோட்டார், காந்தம் கிடையாது, முரட்டுச் சரக்கு. பழைய இரும்புச் சந்தையில் மாட்டினால் நல்ல பேரம்தான். ஆனால் மோட்டாரை மட்டும் தூக்கி வராதீர்கள். அதோடு வந்த கன்ட்ரோலர், வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அப்படியும் ஒரு சிக்கல் இருக்கிறது. காரின் மற்ற கணினிகளிலிருந்து கேன் (கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர் இணைப்பு) வழியாகச் செய்தி வராவிட்டால் அந்தக் கன்ட்ரோலர் எழுந்திருக்காது. அப்போது ஃபோர்க்லிஃப்ட்களில் வரும் கர்டிஸ் நிறுவனத்துக் கன்ட்ரோலர் மாதிரி, மோட்டார் அளவுகளை நாமே பதியக்கூடிய கன்ட்ரோலர் தேவைப்படும். அதற்கு மோட்டாரில் உள்ள வேக சென்சார் எந்த வகை, வெப்ப சென்சார் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் வாங்கிய மோட்டார்கள் பட்டறை மூலையில் தூசி படிந்து கிடக்கும். கன்ட்ரோலரும் மோட்டாரும் ஒரே இடத்தில், ஒன்றோடொன்று ஓட்டிக்காட்டி விற்கப்படும் புது ஜோடி கொஞ்சம் விலை கூடினாலும், முதல் முறை செய்பவருக்கு அதுவே மலிவு.

கியர்பாக்ஸைக் கழற்றாதீர்கள். செலவைக் குறைப்பதில் இதைவிடப் பெரிய முடிவு வேறில்லை. 145/70 ஆர் 12 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.6 மீட்டர், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 627 சுற்று சுற்றும். மூன்றாவது கியரின் மொத்தக் குறைப்பு 6 (மோட்டார் ஆறு சுற்றுக்குச் சக்கரம் ஒன்று) என்று வைத்தால் மோட்டார் 3,760 சுற்றில் ஓடும். பெரும்பாலான மோட்டார்களுக்குச் சுகமான இடம். முதல் கியரில் அதே சிறிய மோட்டார் செங்குத்தான சாய்தளத்திலும் வண்டியை ஏற்றிவிடும். நேரடியாக ஆக்சிலில் பூட்டினால் இதே வேலைக்கு இரண்டு மூன்று மடங்கு பெரிய மோட்டாரும் கன்ட்ரோலரும் வேண்டும். ரிவர்ஸும் கியர்பாக்ஸிலேயே கிடைக்கிறது, ஸ்பீடோமீட்டர் கேபிளும் வேலை செய்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: 800ன் இன்ஜின் தந்த முறுக்கு விசையே 60 நியூட்டன் மீட்டர் அளவுதான். அதற்காகச் செய்த பல்சக்கரங்கள் அவை. மின்மோட்டார் நின்ற இடத்திலேயே முழு முறுக்கையும் கொடுக்கும். நூறு நியூட்டன் மீட்டர் மோட்டாரைப் பூட்டி, கன்ட்ரோலரில் அளவு வைக்காமல் மிதித்தால் முதலில் போவது டிஃபரன்ஷியல். எழுபதுக்கு மேல் விடாதீர்கள்.

காசு குறைந்தவர்கள் அவசரப்படுவதும் கெடுத்துக்கொள்வதும் மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேண்டியது இரண்டு பொருள்: மோட்டாரைக் கியர்பாக்ஸ் கூட்டோடு பூட்டும் அடாப்டர் தகடு, இரண்டின் ஷாஃப்டுகளையும் இணைக்கும் கப்ளர். தகட்டுக்கு 12 முதல் 16 மி.மீ. அலுமினியம் போதும். பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு) போல்ட் துளைகளை அட்டையில் பிரதி எடுத்து வெட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போல்ட் துளையில் எப்போதும் ஆட்டம் இருக்கும். மையத்தைத் தீர்மானிப்பது ஆட்டமில்லாமல் பொருந்தும் இரண்டு டவல் பின்கள். அந்தப் பின் துளைகளையும் இன்புட் ஷாஃப்டின் மையத்தையும் வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும், அளவெடுத்துத் துளைக்க மில்லிங் மெஷின் வேண்டும். கப்ளருக்கு, தேய்ந்த கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள ஸ்ப்லைன் ஹப்பை (உள்ளே பல் வெட்டிய குடம்) வெட்டி எடுத்து, மோட்டார் ஷாஃப்டுக்கான சாவிப் பள்ளம் போட்ட உருளையில் அழுத்திப் பற்றவைப்பது எல்லாரும் செய்வது. பற்றவைத்தபின் இரும்பு கோணும். ஆகவே முதலில் பற்றவைப்பு, அப்புறம் லேத்தில் ஏற்றி இறுதிக் கடைசல் என்பதே வரிசை. பூட்டியபின் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் 2,500 சுற்றைத் தாண்டும்போது ஒரு ரீங்காரம் கேட்கும். சில வாரத்தில் இன்புட் ஷாஃப்ட் சீல் ஒழுகும், பிறகு பேரிங் போகும். கழற்றிய ஃப்ளைவீல் நடுவில் ஷாஃப்ட் நுனிக்கான சிறு பேரிங் இருந்தால், கப்ளரிலும் அதே இடத்தில் ஒன்றை வைக்க வேண்டும். ஷாஃப்ட் நீளவாக்கில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இடம் விடுங்கள். இறுக்கிப் பூட்டினால் மோட்டார் பேரிங்மீது பாரம் ஏறும். கிளட்ச் தேவையில்லை. ஊருக்குள் இரண்டாவது, வெளியே மூன்றாவது என்று நிற்கும்போது போட்டுக்கொண்டு ஓட்டலாம்.

இனி பேட்டரி. பட்ஜெட்டில் பாதியை அது தின்னும், தின்னட்டும். லெட்-ஆசிட் மலிவு என்று தோன்றும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு வைத்தால் காகிதத்தில் 7.2 யூனிட். ஒரு மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில் இழுத்தால் அதில் அறுபது சதவீதம்தான் வெளியே வரும். ஆயுளுக்காக அதிலும் கால் பங்கை மிச்சம் வைக்க வேண்டும். கடைசியில் கையில் இருப்பது 3 யூனிட், 30 கி.மீ. எடையோ 170 கிலோவுக்கு மேல். உங்கள் 40 கி.மீ.க்கே பற்றாது, ஒன்றரை வருடத்தில் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 105 ஆம்பியர்-மணியில் 24 வாங்கித் தொடராகக் கோத்தால் 76.8 வோல்ட், 8 யூனிட். ஒரு செல் ஏறக்குறைய இரண்டு கிலோ, மொத்தம் ஐம்பதுக்குள். பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை அடுக்கினால் ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், எட்டு அங்குல உயரம்தான். எண்பது சதவீதம் பயன்படுத்தினாலும் 60 கி.மீ. தாண்டும்.

செல் வாங்கும்போது "ஏ கிரேடு" என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஒவ்வொரு செல்லையும் 3.65 வோல்ட்வரை ஏற்றி, ஆறவிட்டு, நிலையான கரண்ட்டில் 2.5 வோல்ட்வரை இறக்கி, எத்தனை ஆம்பியர்-மணி வந்தது என்று எழுதிவையுங்கள். இருபத்து மூன்று செல் நூறு தந்து ஒன்று எண்பது தந்தால் உங்கள் பேட்டரி எண்பதுதான். பழைய செல்லாக வாங்கினால் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இந்தச் சோதனை இன்றைய நிலையை மட்டும் காட்டும். அடுக்கியபின் இரு முனையிலும் கெட்டித் தகடு வைத்து, திருகுக் கம்பியால் மிதமாக இறுக்குங்கள். முனைகள் அலுமினியம், சிறிய நட். பலம் காட்டினால் மரை போய்விடும். டார்க் ஸ்பேனரில் நான்கைந்து நியூட்டன் மீட்டர் போதும். பெட்டி பயணிகள் அறைக்குள் இருந்தால், வாயு வெளியேற வண்டிக்கு வெளியே ஒரு குழாய் கட்டாயம். இந்த வகை செல் மற்ற லித்தியம்போல் எளிதில் பற்றாது என்பது சரி. ஆனால் கெட்டால் எரியக்கூடிய வாயுவை விடும்.

இந்த அளவு வோல்ட்டேஜில் கரண்ட் அதிகம் என்பதால் இணைப்புகள்தான் உயிர். கேபிள் நுனியில் மாட்டும் ஒரு லக் சரியாக நசுங்காமல் வெறும் இரண்டு மில்லி ஓம் தடை காட்டினால் என்ன என்று தோன்றும். 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 45 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னை உள்ளே செருகி வைத்ததுபோல. உறை உருகி, கேபிள் கறுத்து, அடுத்தது தீ. 50 சதுர மி.மீ. செம்பு கேபிள், ஹைட்ராலிக் கிரிம்பிங். சுத்தியால் அடித்து நசுக்குவதும் ஈயம் ஊற்றுவதும் கூடாது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பின் சூட்டையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்த்தால் கோளாறு அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டு எம்.சி.பி.யை மெயின் சுவிட்சாகப் போடுவது அடிக்கடி பார்க்கும் தவறு. மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது, அதனால் பொறி தானாக அணையும். நேர்மின்சாரத்தில் அப்படி நடக்காது, எம்.சி.பி.க்குள் பொறி தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கும். நேர்மின்சாரத்துக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் தரம் குறித்த ஃபியூஸ், பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே, பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில். அடுத்து காண்டாக்டர், அதாவது சாவியைத் திருப்பினால் பேட்டரியை இணைக்கும் மின்காந்த சுவிட்ச். அதன் குறுக்கே 100 ஓம், 50 வாட் தடை வழியாக முன் ஏற்றம் செய்து, ஐந்து விநாடி கழித்து காண்டாக்டர் மூட வேண்டும். இதை விட்டால் கன்ட்ரோலர் கெப்பாசிட்டர் ஒரே வீச்சில் கரண்ட்டை இழுத்து, காண்டாக்டர் முனைகள் ஒட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பினாலும் வண்டி அணையாது என்ற நிலை வருவது இப்படித்தான். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் கையால் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் தேவை.

ஹெட்லைட், வைப்பர், ஹாரனுக்கு 12 வோல்ட் தர ஆல்டர்னேட்டர் இனி இல்லை. 30 ஆம்பியர் டி.சி. கன்வெர்ட்டர் வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பலவற்றில் உள்ளே வரும் நெகட்டிவும் வெளியே போகும் நெகட்டிவும் ஒன்றே. அதைப் பூட்டினால் 76 வோல்ட் பேட்டரியின் ஒரு முனை காரின் உடம்போடு சேர்ந்துவிடும். பாசிட்டிவில் ஒரு வயர் உரசினாலே முழு ஷார்ட். வாங்கும் முன் இரு நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள், பீப் அடித்தால் திருப்பிக் கொடுங்கள். எல்லாம் பூட்டியபின் கன்ட்ரோலரையும் பி.எம்.எஸ்.ஸையும் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகரில் (காப்புத் தடை அளக்கும் கருவி) பேட்டரி கேபிளுக்கும் பாடிக்கும் இடையிலான காப்புத் தடையைப் பாருங்கள். தரம் கேட்பது வோல்ட்டுக்கு நூறு ஓம்தான். நல்ல வேலையில் மெகா ஓம் கணக்கில் வரும். வரவில்லையென்றால் எங்கோ ஈரம் அல்லது கீறல்.

பி.எம்.எஸ். 24 செல்லுக்கானது, தொடர்ந்து 150 ஆம்பியராவது தாங்குவது. கன்ட்ரோலரில் பேட்டரி கரண்ட்டை 200க்கும் நீடித்த ஓட்டத்துக்கு நூறுக்கும் கட்டுப்படுத்துங்கள். மோட்டார் கரண்ட் வேறு, பேட்டரி கரண்ட் வேறு. கிளம்பும்போது மோட்டாரில் 300 ஆம்பியர் காட்டும், பேட்டரியிலிருந்து அறுபதுதான் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மோட்டார் கரண்ட்டைக் குறைத்துவிட்டு, "ஏற்றத்தில் இழுக்கவில்லை" என்று புலம்புவோர் நிறைய. மீதி எத்தனை கிலோமீட்டர் என்பதை வோல்ட் மீட்டரில் பார்க்க முடியாது. இந்த செல் தொண்ணூறிலிருந்து இருபது சதவீதம்வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டைக் காட்டும். ஷன்ட் (கரண்ட்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்து ஆம்பியர்-மணி எண்ணும் மீட்டர் போடுங்கள். சார்ஜர் 87.6 வோல்ட், 25 ஆம்பியர் என்றால் 16 ஆம்பியர் பிளக்கில் நாலரை மணி நேரம். எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள். மே மாத வெயிலில் நின்ற வண்டியை உடனே சார்ஜ் போடாதீர்கள். செல் 45 டிகிரிக்குக் கீழே இறங்கட்டும்.

பிரேக்கில், இன்ஜினின் உறிஞ்சலை வைத்துப் பெடலுக்கு வலு சேர்க்கும் வேக்குவம் பூஸ்டர் உள்ள மாடல் என்றால், இன்ஜின் போனதும் பெடல் கல்லாகிவிடும். 12 வோல்ட் வேக்குவம் பம்ப்பும் சிறு தொட்டியும் ஸ்விட்சும் சேர்க்க வேண்டும், இது விருப்பத்துக்கு விட்ட விஷயமில்லை. இன்ஜின், ரேடியேட்டர், சைலன்சர், டேங்க் போய் மோட்டாரும் பேட்டரியும் வரும்போது மொத்த எடை பெரிதாக மாறாது, ஆனால் பாரம் பின்னால் நகரும். எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை எடை போடுங்கள், மாற்றத்துக்கு முன்பும் பின்பும். முன்பக்கம் நாற்பது கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் பேட்டரியில் ஒரு பகுதியை முன்னால் கொண்டுவருவதைப் பற்றி யோசிக்கலாம். ஏ.சி. கேட்டால் இந்த பட்ஜெட்டில் இல்லை. அது தனியாக ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், அதற்கான மின் கம்ப்ரசர் விலையே வேறு.

பணக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். செல்கள் ஒரு லட்சத்தை ஒட்டி, மோட்டாரும் கன்ட்ரோலரும் எழுபது முதல் தொண்ணூறாயிரம், தகடும் கப்ளரும் பதினைந்திலிருந்து இருபது, சார்ஜர் பதினைந்து, பி.எம்.எஸ். பத்து, காண்டாக்டர், ஃபியூஸ், கேபிள் எல்லாம் சேர்த்துப் பதினைந்து, பெட்டியும் தாங்கிகளும் கன்வெர்ட்டரும் வேக்குவம் பம்ப்பும் இருபது. இரண்டரையிலிருந்து இரண்டே முக்கால் லட்சம் வருகிறது. இரண்டு லட்சத்தில் முடிக்க வேண்டுமென்றால் மோட்டாரில் பழைய சரக்கு தேடலாம். பேட்டரியிலும் பாதுகாப்புப் பாகங்களிலும் கை வைக்காதீர்கள். மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டத்துக்குப் பெட்ரோல் அறுபது லிட்டர் செலவாகும் இடத்தில் மின்சாரம் 120 யூனிட் ஆகும். மாதம் ஐயாயிரம் மிச்சம் என்று வைத்தாலும், போட்ட பணம் திரும்ப நாலரை வருடம். ஆனால் தினசரி 40 கி.மீ. என்பது பொதுச் சாலையில்தான் என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, பேட்டரி வாரன்ட்டி மீதமுள்ள பழைய தொழிற்சாலை மின்கார் ஒன்றைத் தேடுங்கள் என்பதே என் யோசனை. பேப்பர் சுத்தமாக இருக்கும், ஏ.சி.யும் இருக்கும்.

வளாகத்துக்குள் ஓட்டத்தான் என்று முடிவெடுத்துச் செய்தால், முதல் இயக்கம் முன் சக்கரங்கள் தரையில் படாதபடி ஸ்டாண்டில் நிற்கும்போது இருக்கட்டும். நியூட்ரலில் மோட்டாரை மெல்லச் சுற்றி, திசை சரியா, சத்தம் உண்டா என்று பார்த்து, பிறகு முதல் கியர், பிறகு மூன்றாவது. கழற்றிய இன்ஜினை உடனே இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். உங்கள் ஆர்.சி.யில் இருப்பது அந்த இன்ஜின் நம்பர். ஒப்புதல் கிட்டுக்கே பின்னால் போனாலும், திட்டத்தைக் கைவிட்டு வண்டியைப் பழையபடி விற்க நேர்ந்தாலும், பதிவை ரத்து செய்யப் போனாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த நம்பரைத்தான் கேட்பார்கள்.